சிறுத்தைக் குட்டியும் ஒரு நாள் பேரும்

மலையகச் செய்திகளில் ஆண்டுதோறும் தவறாமல் திரும்பி வருபவை சில உண்டு. சம்பளப் பேச்சுவார்த்தை, மண்சரிவு, லயத்தில் தீ, குளவிக்கொட்டு. இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னொன்று, 'தேயிலை மலையிலிருந்து சிறுத்தைக் குட்டிகள் மீட்பு' என்ற செய்தி. கூடவே ஒரு புகைப்படமும் இருக்கும். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்ட ஒருவர், கண் திறந்தும் திறவாத இரண்டு குட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் கைத்தொலைபேசியை நீட்டியபடி நிற்பார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. குட்டிகளின் முகத்தை யாரும் கவனிப்பதில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்தச் செய்தியில் என்னை உறுத்துவது ஒரு சொல்தான். 'மீட்பு' என்கிறோமே, யாரிடமிருந்து மீட்டோம்? குட்டிகளை அங்கே படுக்க வைத்துவிட்டு இரை தேடப் போன தாயிடமிருந்தா? தாய் இறந்துவிட்டது என்று யார் பார்த்தார்கள்? பெரும்பாலான சந்தர்ப்பங்களில் யாரும் பார்க்கவில்லை. பகலில் தாய் அருகில் இல்லை என்பது மட்டுமே தெரியும். அதைக்கொண்டு குட்டிகளை அநாதைகள் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இரவில் விழித்திருந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த முடிவுக்கு அவ்வளவு எளிதில் வரமாட்டார்கள். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் ரயில் நின்று போகும் சிறிய நிலையம் றொசல்ல. நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் பிரதேசங்களில் ஒன்று இது. மழை ஓய்ந்த இரவுகளில் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தபடி ஜன்னலோரம் அமர்ந்திருப்பது பல வருடங்களாக என் வழக்கம். பேராதனையில் கலைப்பீடத்தில் படித்தவன் நான். விலங்கியல் என் துறையன்று. இதற்கு அந்தப் படிப்பும் தேவையில்லை. விளக்கை அணைக்க வேண்டும், நாயைக் கட்ட வேண்டும், பேச்சை நிறுத்த வேண்டும். டோர்ச் தேவையென்றால் அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளலாம். இராப் பிராணிகள் பலவற்றின் கண்ணுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாக உறைப்பதில்லை.

இரவு ஒன்பது மணிக்குப் பின் கொய்யாமரத்தில் மரநாய் ஏறும். தேயிலைக்கு முன் இம்மலைகளில் இருந்தது கோப்பி. 1869 இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்தது என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வேலியோரங்களில் இன்னும் மிஞ்சி நிற்கும் கோப்பிச் செடிகளின் பழங்களைத் தின்று, கொட்டையை எச்சத்தோடு வேறிடத்தில் விதைத்துச் செல்வதும் இந்த மரநாய்தான். நள்ளிரவுக்குப் பின் முட்கள் உரசும் சலசலப்போடு முள்ளம்பன்றி வந்து கிழங்குப் பாத்தியைக் கிளறும். அது முள்ளை அம்புபோல் எய்யும் என்பார்கள். அப்படி எய்வதில்லை, பின்புறமாக வந்து மோதிக் குத்தும். வருடத்தில் சில இரவுகளில், மேலேயுள்ள காட்டுத்துண்டிலிருந்து வாளால் பலகை அறுப்பதுபோல் ஒரு குரல் விட்டுவிட்டுக் கேட்கும். அது சிறுத்தை. எமது மக்கள் அதைப் புலி என்றே சொல்வார்கள்.

இவ்வாறு பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று விளங்கும். இவற்றுக்கு இரவுதான் வேலை நேரம். வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பத்திரமான இடத்தில் விட்டுச் செல்வது தாயின் இயல்பு. மான் இனங்களில் பிறந்த கன்று புல்லுக்குள் அசையாமல் கிடக்கும். தாய் தொலைவில் மேயும். தான் அருகில் நின்றால் தன் வாசனையே கன்றைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதனால் அது விலகி நிற்கிறது. முயல் இனங்கள் பலவற்றில் தாய் குட்டிகளிடம் வந்து பால் கொடுப்பது நாளொன்றுக்கு ஓரிரு தடவைகள் மட்டுமே. தோட்டத்தில் பெண்கள் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போவதில்லையா? அந்தப் பிள்ளையை அநாதை என்று யாராவது தூக்கிச் சென்றால் நாம் சும்மா இருப்போமா?

சிறுத்தை பெரும்பாலும் இரண்டு குட்டிகளை ஈனும்; ஒன்றோ மூன்றோ ஈனுவதும் உண்டு. பிறக்கும்போது ஒவ்வொன்றும் அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும். கண் திறக்க ஒரு வாரம் பத்து நாட்கள் ஆகும். முதல் ஆறு எட்டு வாரங்கள் அவை ஒளிவிடத்திலேயே கிடக்கும். தாய் இரை தேடிப் போனால் திரும்பிவர ஒரு நாள், சில வேளை அதற்கும் மேல் ஆகும். ஆபத்தென்று பட்டால் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறிடத்துக்கு மாற்றும். எம் மலைகளில் காடு என்று மிஞ்சியிருப்பது மலையுச்சிகளிலும் ஓடைக்கரைகளிலும் உள்ள துண்டுகளே. அவற்றுக்கிடையே உள்ளதெல்லாம் தேயிலை. நீண்டகாலம் கவ்வாத்து வெட்டாமல் உயர்ந்து அடர்ந்த தேயிலையின் அடியில், மழைநீர் ஓடும் கான்களின் ஓரத்தில், சிறுத்தை குட்டி போடுவது அதனால்தான். அதற்கு வேறிடம் இல்லை.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்திலுள்ள ஜுன்னார் வட்டாரம் பல ஆண்டுகளாகச் செய்து காட்டி வருகிறது. அங்கே தேயிலைக்குப் பதில் கரும்பு. அறுவடைக் காலத்தில் கரும்பு வெட்டுவோர் சிறுத்தைக் குட்டிகளைக் காண்பது வழக்கமான நிகழ்ச்சி. வனத்துறையினரும் 'வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ்.' அமைப்பின் மிருக வைத்தியர்களும் வருவார்கள். குட்டிகளைப் பரிசோதிப்பார்கள். மாலையில், கண்டெடுத்த அதே இடத்தில் ஒரு பெட்டிக்குள் வைத்து, அருகில் தானியங்கிக் கமராவைப் பொருத்திவிட்டு, ஊர்மக்களையும் அழைத்துக்கொண்டு விலகிவிடுவார்கள். இருட்டிய பின் தாய் வரும். பெட்டியைச் சுற்றி முகர்ந்து பார்க்கும். ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு போகும். இப்படித் தாயுடன் சேர்க்கப்பட்ட குட்டிகள் பல. மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அதைப் பொய்யாக்கியவை அந்தக் கமராக்கள்தான்.

பிடித்துக்கொண்டு போய்த் தூரத்துக் காட்டில் விட்டுவிட்டால் தொல்லை தீருமே என்று கேட்பவர்களுக்கும் அதே ஜுன்னாரில் விடை இருக்கிறது. 2001 இல் தொடங்கி அங்கே ஏராளமான சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். விட்ட இடங்களை அண்டிய ஊர்களில் மனிதர்கள் மீதான தாக்குதல்கள் அதிகரித்தன. வித்யா அத்ரேயாவும் சக ஆய்வாளர்களும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக எடுத்துரைத்தது.

எடுத்து வளர்த்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. இரக்கமுள்ளவர்கள் கேட்கும் கேள்வி இது; ஏளனம் செய்யத்தக்கதல்ல. ஆனால் வளர்ப்பது என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். கண் திறவாத குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காக்கத் தெரியாது. பசும்பால் கொடுத்தால் வயிற்றோட்டம் கண்டு இரண்டு மூன்று நாட்களில் இறந்துவிடக்கூடும். தாய் நக்கிவிட்டால்தான் அதற்குச் சிறுநீரே வெளியேறும். வளர்ப்பவர் ஈரப்பஞ்சால் அதைச் செய்ய வேண்டும். சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை, இரவும் பகலும் பால் தர வேண்டும். கடித்தாலோ கீறினாலோ விசர்நோய்த் தடுப்பூசிக்கு ஓட வேண்டும். இவ்வளவையும் தாண்டி உயிர் பிழைத்தாலும், எதை வேட்டையாடுவது, யாரைக் கண்டு ஒளிவது என்று சொல்லிக்கொடுக்கத் தாய் இல்லை. சிறுத்தைக் குட்டி ஒன்றரை வருடம், இரண்டு வருடம் வரை தாயிடம் பாடம் படிக்கும் பிராணி. அந்தப் பாடத்தை லயக் காம்பிராவில் யார் நடத்துவது? அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பது இருக்கவே இருக்கிறது.

இந்தியாவில் துத்வா காட்டோரத்தில் வாழ்ந்த பில்லி அர்ஜன் சிங் 1970களில் தாயற்ற சிறுத்தைகளை வளர்த்துக் காட்டுக்குத் திருப்பியவர். ஹாரியட் என்று அவர் பெயரிட்ட பெண் சிறுத்தை காட்டில் குட்டிகளை ஈன்றது. வெள்ளம் வந்தபோது அந்தக் குட்டிகளை வாயில் கவ்வி ஆற்றைக் கடந்து அவருடைய வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தது. கேட்க மனம் நெகிழும் செய்திதான். ஆனால் அந்தச் சிறுத்தையை ஒரு தேயிலைத் தோட்டத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். மனிதர் வீடு பத்திரமான இடம் என்று கற்றுக்கொண்ட சிறுத்தை, ஆபத்து வேளையில் குட்டியோடு லயத்துக்குள் நுழைந்தால் என்ன நடக்கும்? 2018 ஜூன் மாதத்தில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில், ஆட்களைக் காயப்படுத்திய சிறுத்தையை அடித்துக் கொன்று, அதைக் காணொளியாகவும் எடுத்துப் பரப்பியதை நாம் மறந்துவிடவில்லை. மனிதரை நம்பப் பழகிய காட்டு விலங்குக்கு இந்த நாட்டில் ஆயுள் குறைவு.

யானைக்குட்டிகளைப் பொறுத்தவரை இலங்கையிடமே இருவகை அனுபவங்கள் உண்டு. 1975 இல் தொடங்கப்பட்ட பின்னவலையில் வளர்ந்த யானைகள் மனிதரோடே வாழ்கின்றன. 1995 இல் வனஜீவராசிகள் திணைக்களம் உடவளவையில் ஆரம்பித்த யானைக்குட்டிகள் தற்காலிகப் பராமரிப்பு நிலையத்தின் வழி வேறு. சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை பால் ஊட்டுவார்கள். அதற்கு மேல் கொஞ்சுவதில்லை. பார்வையாளர் தூரத்து மேடையில் நின்று பார்க்கலாம், தொட முடியாது. வளர்ந்த குட்டிகளைக் கூட்டாளிகளோடு சேர்த்துக் காட்டில் விடுகிறார்கள். முதல் தொகுதி 1998 இல் விடப்பட்டது. தமிழ்நாட்டு முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மன், பெள்ளி தம்பதியர் வளர்த்த ரகு என்ற யானைக்குட்டியை, 2023 இல் ஒஸ்கார் விருது பெற்ற 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்தில் உலகமே பார்த்தது. அந்த அன்பில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் ரகு முகாம் யானைதான், காட்டு யானையன்று. கைவளர்ப்பு, தாய் உண்மையிலேயே இறந்த பின் செய்யும் கடைசி வைத்தியம். அதுவும் மிருக வைத்தியர் உள்ள நிலையத்தில் செய்ய வேண்டியது.

இது நமது மலைநாட்டு மக்களுக்கு மட்டுமே உரிய பழக்கம் என்று எவரும் எண்ண வேண்டாம். 2016 மே மாதத்தில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், குளிரில் நடுங்குகிறது என்று இரங்கிப் பிறந்து சில நாட்களேயான காட்டெருமைக் கன்றைச் சுற்றுலாப் பயணிகள் வாகனத்தில் ஏற்றிச் சென்றார்கள். பின்னர் மந்தை அதை ஏற்கவில்லை. பூங்கா அதிகாரிகள் கன்றைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. ஸ்காபரோவிலும் இலண்டனிலும் இதை வாசிக்கும் அன்பர்கள் தங்கள் பின்வளவில் ரக்கூனையும் நரியையும் அன்றாடம் காண்பவர்கள். வசந்த காலத்தில் தனித்திருக்கும் குட்டியைத் தொடாதீர்கள் என்று அங்குள்ள அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்வதை அவர்கள் கேட்டிருப்பார்கள். அங்கே சொல்வது எளிது. தோட்டத்தில் அதைச் சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நான் இதை எழுதுவது அதற்காகத்தான்.

தாய் திரும்பி வர வேண்டுமானால் அந்த மலை வெறுமையாக வேண்டும். 'மலை' என்று நான் சொல்வது தோட்டத்து வழக்கில்: கொழுந்தெடுக்கும் ஒரு தேயிலைப் பகுதி. அன்றைய வேலையை நிறுத்தி, எல்லோரும் விலகி, மறுநாள் காலை வரை எவரும் அங்கே போகாதிருக்க வேண்டும். நல்லது. அந்த நாளின் சம்பளத்தை யார் கொடுப்பது?

தோட்டம் அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் 16, 18, 20 என்று அது மாறுபடும். நிறுவையில் அந்த அளவு நிறைந்தால் 'முழுப்பேர்'. குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது அரைநாட் சம்பளம். காலை பத்து மணிக்குக் கான் ஓரத்தில் குட்டியைக் கண்டு, கங்காணியிடம் சொல்லி, மலையைவிட்டு இறங்கினால் அவளது அன்றைய பேர் போய்விடும். வேறு மலைக்கு அனுப்பினாலும் நடந்துபோய்ச் சேரவே நேரமாகும், கிலோ நிறையாது. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காகப் பல வருடங்கள் போராடி 2021 இல் அதைப் பெற்று, 2024 இல் அது 1,350 ரூபாவாக உயரக் கண்ட மக்கள் இவர்கள். அரைப்பேரின் அருமை அவர்களுக்குத் தெரியும். ஆகவே என்ன நடக்கிறது? குட்டியைத் தூக்கி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். தாய் வந்து பாய்ந்துவிடுமோ என்ற பயமும் நியாயமானதே. தேயிலைக்குள் குனிந்து வேலை செய்யும்போது சிறுத்தையால் காயமடைந்தவர்கள் மலையகத்தில் உண்டு.

இந்த நிலையில் தொழிலாளருக்கு விழிப்புணர்வு இல்லை என்று கொழும்பில் கருத்தரங்கு நடத்துவது எனக்கு உடன்பாடானதல்ல. விழிப்புணர்வு இருக்கிறது; விடுமுறைதான் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மலையில் 25 பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாவின்படி கணக்கிட்டால் 33,750 ரூபா. ஒரு சிறுத்தைக் குடும்பத்தை அதன் இடத்திலேயே வாழவிடுவதற்கு ஆகும் செலவு இவ்வளவுதான். சம்பளம் கூடினால் தொகையும் சற்றுக் கூடும். தோட்டம் தோறும் இப்படி நிகழ்வது எப்போதாவது ஒருமுறை. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகத்தைப் பொறுப்பேற்ற பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு இது தாங்கமுடியாத சுமையன்று. சூழலைப் பேணும் தேயிலை என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறோம். பழைய துரை பங்களாக்களில் தங்கும் வெளிநாட்டவருக்குச் சிறுத்தை உலவும் மலை என்று விளம்பரம் செய்கிறோம். அந்த விளம்பரத்தின் பயனில் ஒரு சிறு பங்கு, குட்டியைக் கண்டும் தொடாமல் இறங்கி வந்த பெண்ணுக்குச் சேர வேண்டாமா?

ஆகவே என் கோரிக்கை எளிமையானது. குட்டி காணப்பட்ட மலை மறுநாள் காலை வரை மூடப்பட வேண்டும். அந்த மலையில் அன்று வேலைக்கு நின்ற அனைவருக்கும், கிலோ பாராமல், முழுப்பேர் போட வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் மிருக வைத்தியர் தவிர வேறெவரும் குட்டியைத் தொடக்கூடாது. மறுநாளும் தாய் வராவிட்டால், அப்போது அநாதை என்று பேசலாம். அப்போது வளர்ப்பு நிலையத்தைப் பற்றி யோசிக்கலாம். இதைக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். சிறுத்தைக்காகச் சேர்க்கப்படும் வரி என்று சங்கத் தலைவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. தாய்ச் சிறுத்தை நிற்கும் மலையில் கொழுந்தெடுக்கச் சொல்லி ஒரு பெண்ணை வற்புறுத்தக்கூடாது என்பதும் அதே வரிக்குள் அடங்கிவிடுகிறது.

குட்டி பிழைத்தால் மட்டும் போதாது. தாயும் உயிரோடு இருக்க வேண்டும். 2020 மே 26 ஆம் திகதி நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் மாட்டிய அபூர்வமான கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டு 29 ஆம் திகதி இறந்தது. மரக்கறித் தோட்டங்களைச் சுற்றி இத்தகைய கம்பிகள் கட்டப்படுவது பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக. கட்டுபவர்களில் இறைச்சிக்காகக் கட்டுவோரும் உண்டு. நட்டுவைத்த கிழங்கையும் கோவாவையும் ஓர் இரவில் பன்றி கிளறிப் போட்டதைப் பார்த்து வயிறெரிந்து கட்டுவோரும் உண்டு. இருவரையும் ஒரே தட்டில் வைத்துச் சிறைக்கு அனுப்புவதால் கம்பி ஒழியாது. சம்பளம் போதாமல் தோட்டம் போடுபவனுக்கு வேலி அடிக்க உதவினால் ஒழியும்.

இறுதியாக, என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குட்டியைக் கையில் ஏந்திய படத்தைப் பிரசுரிக்காதீர்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த தோட்டத்தில் அடுத்தவர் தூக்குகிறார். இடத்தின் பெயரையும் மலையின் இலக்கத்தையும் எழுதாதீர்கள். அதை வாசித்துக் கம்பியோடு வருபவனும் இருக்கிறான். 'குட்டிகள் மீட்பு' என்பதற்குப் பதிலாக, 'குட்டிகளைத் தாய் அழைத்துச் சென்றது. தொழிலாளர்களுக்கு முழுப்பேர்' என்று தலைப்பிடும் நாள் வர வேண்டும். அந்தச் செய்தியை முதற்பக்கத்தில் போடலாம். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.